பனி இறங்கும் வாரம்

கார்த்திகை முடியப்போகும் ஒரு காலையில், வாசலில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்கும். இரவு மழை இல்லை. தரை காய்ந்துதான் கிடக்கும். பக்கத்து வீட்டில் போர்ட்டிகோவுக்குள் நின்ற பைக்கின் சீட்டில் ஈரமே இருக்காது. சமவெளித் தமிழ்நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான சேதி கிடையாது. தெர்மாமீட்டரை நம்பினால் ஏமாந்துபோவோம். சென்னையில் ஜனவரி மாதத்தில்கூட அதிகாலை வெப்பம் சராசரியாக 20, 21 டிகிரியில்தான் நிற்கும். நாட்காட்டியும் அவ்வளவாக உதவாது. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் குளிர்காலம் என்பது ஜனவரியும் பிப்ரவரியும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம்.

தமிழில் இந்தப் பருவத்துக்குப் பெயர் வைத்தவர்கள் குளிரைப் பார்க்கவில்லை, பனியைப் பார்த்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முன்பாதியிலேயே பனி இறங்கினால் முன்பனி, விடியலை ஒட்டி இறங்கினால் பின்பனி. எவ்வளவு கூர்மையான பிரிவு என்பது பனி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால்தான் புரியும். எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

பனி "பெய்கிறது" என்று சொல்கிறோம். உண்மையில் வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. இரவில் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. இலை, சீட், தகரக் கூரை, காரின் மேற்பகுதி ஆகியவை மெல்லியவை, தரையோடு ஒட்டாதவை. விட்ட வெப்பத்தை ஈடுகட்ட அவற்றிடம் கையிருப்பு கிடையாது. அதனால் சுற்றியிருக்கும் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகின்றன. அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே துளியாகப் படிகிறது. சிமென்ட் தரையும் தார்ச்சாலையும் பகலில் சேர்த்த சூட்டை அடியிலிருந்து இரவெல்லாம் மேலே அனுப்புவதால் அவ்வளவு குளிர்வதில்லை. சீட் நனைந்தும் தரை காய்ந்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மரத்தடியிலும் கூரைக்கடியிலும் இருக்கும் பொருளுக்கு வானம் தெரியாது. அது விடும் வெப்பத்தில் பெரும்பகுதியை மேலேயுள்ள கிளையோ கூரையோ திருப்பித் தந்துவிடும். எனவே அங்கே பனி இல்லை.

ஆக, பனிக்கு மூன்று வேண்டும்: மேகமில்லாத வானம், அசையாத காற்று, காற்றில் போதுமான ஈரம். ஐப்பசியில் ஈரம் ஏராளமாக இருக்கும், ஆனால் மேகம் மூடியிருக்கும். சித்திரையில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவும் சூடு தணியாது. பருவமழை விட்டு, ஏரி குளம் நிறைந்து, மண் இன்னும் நனைந்திருக்கும்போது வானம் மட்டும் திறந்துகொள்ளும் அந்த வாரத்தில்தான் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. மண்ணில் ஈரம் நிறைய இருப்பதால் பொழுது சாய்ந்த சில மணி நேரத்திலேயே இலை நனையத் தொடங்கிவிடுகிறது. அதுதான் முன்பனி. மாசியில் மண் உலர்ந்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்து குளிர்ந்து விடியும் நேரத்தில்தான் பனி படியும் அளவுக்கு இலை குளிர்கிறது. அது பின்பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று கிராமத்தில் சொல்வார்கள். மழை பொய்த்த வருடத்தில் பனியும் குறைவாகத்தான் இருக்கும்.

இன்றிரவு பனி இறங்குமா என்பதை மாலையிலேயே சொல்லிவிட ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். பளபளப்பான டம்ளரில் பாதி அளவு சாதாரணத் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். ஐஸைச் சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் மங்கும். விரலால் கோடு இழுத்தால் தெரியும் நேரத்தில் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் போடாமல் விட்டுவிட்டு, அந்த மங்கல் மறையும்போது இன்னொரு முறை குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அப்போதைய பனிநிலை வெப்பம், அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பம். அது 19 என்று வந்து, அன்றிரவின் குறைந்தபட்ச வெப்பம் 20 என்று அறிவித்திருந்தால் பனியை எதிர்பார்க்கலாம், ஏனென்றால் இலை காற்றைவிடக் கீழே இறங்கும். 15 என்று வந்தால் சீட் காய்ந்தேதான் இருக்கும். சோதனை தவறுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பெரிய ஐஸ் கட்டியைப் போட்டால் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து, மங்கத் தொடங்கும் கணம் கைநழுவிப்போகும். டம்ளருக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனால் நம் மூச்சே அதில் படிந்துவிடும். அடுப்படியில் செய்யாதீர்கள், உலைநீரின் ஆவி கணக்கைக் கெடுக்கும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள்.

எவ்வளவு பனி இறங்கியது என்றும் அளக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாலித்தீன் ஷீட்டை, தெர்மாகோல் பலகை மேலோ வைக்கோல் மேலோ மாலை 6 மணிக்கு விரித்து வையுங்கள். நேராக மாடித் தளத்தில் விரித்தால் தளத்தின் சூடு ஏறி ஒரு துளிகூடப் படியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. காலையில் சூரியன் எழுவதற்கு முன், எடை பார்த்து வைத்த உலர்ந்த பருத்தித் துண்டால் ஷீட்டை முழுதாக ஒற்றி எடுத்து, துண்டை மறுபடி எடை போடுங்கள். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர் என்றால் 1 மில்லிமீட்டர். எனவே 120 கிராம் கூடியிருந்தால் 0.12 மில்லிமீட்டர் பனி. ஒரே இரவில் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். வெயில் பட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும், எனவே தூக்கக் கலக்கத்தில் ஒத்திப்போடக் கூடாது.

இலைமேல் இருக்கும் நீரெல்லாம் பனியும் அல்ல. அறுகம்புல்லின் நுனியிலும் நெற்பயிரின் நுனியிலும் ஒற்றை முத்தாக நிற்கும் துளி, பெரும்பாலும் செடியே கசியவிட்ட நீர். நனைந்த மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியது, இரவில் ஆவியாகப் போக வழியில்லாமல் இலை விளிம்பிலுள்ள நுண்துளை வழியாக வெளியே வருகிறது. பனி என்றால் இலைப் பரப்பு முழுவதும் சிறு சிறு துளிகளாகப் பரவியிருக்கும். மேகம் மூடிய இரவுக்குப் பிறகும் நுனியில் மட்டும் துளி நிற்கிறது என்றால் அது செடி கசிந்தது. குறிப்பேட்டில் இரண்டையும் சேர்த்து எழுதினால் கணக்கு தவறும்.

குறிப்பேடு என்றேன். இதற்குப் பழைய கணக்கு நோட்டே போதும். தினமும் காலை 8.30க்கு எழுதுங்கள். வானிலை நிலையங்களும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையை அளக்கின்றன. நம் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட அது உதவும். மழைமானிக்கு 10 செண்டிமீட்டர் விட்டமுள்ள புனலை ஒரு பாட்டிலில் செருகினால் போதும். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செண்டிமீட்டர். சேர்ந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, 78.5ஆல் வகுத்து, 10ஆல் பெருக்கினால் மழை மில்லிமீட்டரில் வரும். 100 மில்லிலிட்டர் சேர்ந்தால் 12.7 மில்லிமீட்டர். 2.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் அதை மழைநாள் என்று எண்ணுவார்கள். அருகில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி மானியை வையுங்கள்.

தெர்மாமீட்டரை வீட்டின் வடக்குப் பக்கம் வைப்பது நல்லது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் நமக்குத் தெற்கேதான் போகிறது, எனவே வடக்குப் பக்கத்தில் வெயில் படாது. சுவரில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் சூடு சேர்ந்து இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, ஒன்றே கால் மீட்டர் உயரத்தில், ஒரு கம்பில் கட்டுங்கள். ஏசியின் வெளியலகு அருகில் இருக்கவே கூடாது. இரவின் மிகக் குறைந்த வெப்பம் நள்ளிரவில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது விடியலில், சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வரும்.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் கலங்கத் தொடங்கி, பிறகு வெள்ளையாக உறையும். குளியலறை ஜன்னலோரம் இருக்கும் பாட்டில் முதலில் எந்த நாளில் கலங்கியது, எந்த நாளில் முழுதாக உறைந்தது என்று எழுதிவையுங்கள். நாலைந்து வருடம் சேர்ந்தால் உங்கள் வீட்டுக் குளிரின் வரலாறு அதில் இருக்கும். இட்லி மாவும் சொல்லும். ஐப்பசியில் எட்டு மணி நேரத்தில் பொங்கிய மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். தயிருக்கு உறைமோரைச் சற்றுக் கூட்டி, பாலை வெதுவெதுப்பு குறையுமுன் உறையூற்றி, மூடிப் போர்த்தி வைக்கவேண்டியிருக்கும்.

இனி காற்று. பருவமழையின்போது வடகிழக்கிலிருந்து கடல் தாண்டி வரும் காற்று ஈரத்தோடு வரும். தாழ்ந்த சாம்பல் மேகங்கள் கடற்பக்கமிருந்து வேகமாக ஓடிவரும். கடலோரத்தில் மழை பின்னிரவிலும் அதிகாலையிலும் திடீரென்று கொட்டிவிட்டு நிற்கும். பருவம் ஓயும்போது காற்று மெல்லத் திரும்பி வடக்கிலிருந்து வீசுகிறது. நிலத்தின் மேலேயே நீண்ட தூரம் வருவதால் ஈரம் குறைகிறது. உதடு வெடிக்கும், குதிகாலில் பித்தவெடிப்பு வரும், வெயில் மெலிந்திருந்தும் துணி சீக்கிரம் காயும். வாடை என்று ஏட்டில் இருப்பதை ஊரில் ஊதக்காற்று என்பார்கள். திசை பார்க்க மூங்கில் கழி நுனியில் ஒரு முழ நூலைக் கட்டினால் போதும். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் விடியற்காலையில் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். அப்போது வீசுவது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் உள்ளூர்க் காற்று. காலை 10 மணி வாக்கில் தாழ்ந்த மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பருவக்காற்றின் உண்மையான திசை அதுதான்.

காதும் உதவும். காற்று அடங்கிய பனிக்காலை ஒன்றில், வழக்கமாகக் கேட்காத தொலைவிலுள்ள ரயிலின் ஹாரன் பக்கத்தில் ஒலிப்பதுபோல் கேட்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கிறது. மேலே போகவேண்டிய ஒலி அந்த மூடியில் வளைந்து கீழே திரும்புகிறது. அதே மூடிதான் புகையையும் பிடித்துவைக்கிறது. தென்னந்தோப்பில் சருகு எரித்தால் புகை மேலே ஏறாமல், ஓராள் உயரத்தில் வெள்ளைத் துணி விரித்ததுபோல் படுக்கும். போகியன்று பழையதை எரித்த புகை இந்த மூடிக்கடியில் பனிமூட்டத்தோடு கலந்து, சென்னையில் விமானங்கள் தாமதமான வருடங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. வீட்டிலிருந்து 1 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கோபுரத்தையோ செல்போன் டவரையோ குறித்துவைத்துக்கொண்டால், தெரிகிறதா இல்லையா என்று பார்த்தே எழுதிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பனி இறங்கிவிட்டதாலேயே மழை முடிந்தது என்று முடிவுகட்டாதீர்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23இல் வந்தது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30இல். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செண்டிமீட்டர் கொட்டியது டிசம்பர் 17, 18 தேதிகளில். இவை மூன்றும் மார்கழியில் நடந்தவை. இடையில் நாலு நாள் பனி இறங்கி, திடீரென்று ஓர் இரவு பனியே இல்லாமல் போய், வானம் மந்தாரமாகி, காற்று மறுபடி கிழக்கிலிருந்து வீசினால், வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்று சந்தேகப்படுங்கள். வானிலை அறிக்கையை அன்று கட்டாயம் பாருங்கள்.

நிழலையும் அளந்துவையுங்கள். சமதளத்தில் 100 செண்டிமீட்டர் கழியைச் செங்குத்தாக நட்டு, டிசம்பர் 21இல் உச்சிப்பொழுது நிழலை அளந்தால், சென்னையில் 74, கோவையில் 69, மதுரையில் 66 செண்டிமீட்டரை ஒட்டி வரும். நிழல் நேர் வடக்கே விழும். உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. சென்னையில் 12.07, கோவையில் 12.20 வாக்கில்தான் நிழல் மிகக் குறுகும். அன்று சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே இருக்கும். ஆனியில் எந்தக் கட்டடத்தின் பின்னால் உதித்தது என்று நினைவிருந்தால், வித்தியாசம் திகைக்கவைக்கும். இன்னொன்று: சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 21இல் இல்லை. சென்னையில் நவம்பர் கடைசி வாரத்திலேயே, மாலை 5.40ஐ ஒட்டி மறைந்துவிடும். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம் வாரத்தில், காலை 6.35ஐ ஒட்டி. அதனால்தான் பொங்கல் முடிந்தும் காலையில் பள்ளிப் பிள்ளைகளை இருட்டில் எழுப்பவேண்டியிருக்கிறது, மாலை வெளிச்சம் மட்டும் ஏற்கெனவே நீண்டுவிட்டது.

இந்தப் பகல் குறைவைச் செடிகள் நம்மைவிடத் துல்லியமாக அறியும். அவரை, சாமந்தி இரண்டும் இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் நட்ட அவரைக்கொடி பந்தலெல்லாம் படர்ந்தும் பூக்கவில்லையே என்று கவலைப்பட்டவர்கள், பகல் குறைந்த பிறகு கொத்துக்கொத்தாய்ப் பூப்பதைப் பார்த்திருப்பார்கள். அப்போதும் பூக்காவிட்டால் மேலே பாருங்கள். தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் செடிமேல் விழுந்தால், அதற்கு இரவு வந்ததாகவே தெரியாது. தொட்டியிலிருக்கும் சாமந்தியை இருட்டான மூலைக்கு மாற்றினால் சில வாரங்களில் மொட்டு வைக்கும். டிசம்பர் பூவுக்குப் பெயரே மாதத்தின் பெயர். மல்லிகைக்கு இது ஒத்துவராத காலம். குளிரிலும் பனியிலும் மொட்டு வைப்பது குறைந்து, மதுரைச் சந்தையில் விலை ஏறுவது வருடா வருடம் நடப்பது.

வயலில் பனி இரண்டு முகம் காட்டும். சம்பா கதிர் விடும் நேரத்தில் இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் குலைநோய்ப் பூஞ்சைக்கு வாசல் திறந்ததுபோல். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று தெரிந்தால் அதுதான். கதிரின் கழுத்தில் பிடித்தால் மணி பதராகும். இந்த நேரத்தில் பச்சைப்பசேல் என்று இருக்கவேண்டும் என்று யூரியாவைக் கூட்டிப்போடுவதுதான் நோய்க்குப் பெரிய உதவி. மருந்து அடிப்பதானால் பனி காய்ந்த பிறகு, 9 மணிக்கு மேல் அடியுங்கள். நனைந்த இலையில் அடித்தது பனியோடு சேர்ந்து வழிந்துவிடும். மா பூக்கும் தோட்டத்திலும் இதே கவலை. பூங்கொத்தில் மாவு தூவியதுபோல் வெண்மை படர்ந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், பூ விரியுமுன் அடிக்கவேண்டும். பூ முழுதாக விரிந்த பிறகு அடித்தால் ஈக்களும் தேனீக்களும் ஒதுங்கிவிடும், காய் பிடிக்காது.

அறுத்த நெல்லைத்தான் பனி மிகவும் படுத்தும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. பகலெல்லாம் காயவைத்த நெல்லை அந்திக்குப் பின்னும் விரித்தே விட்டால், ஓர் இரவுப் பனி அந்த உழைப்பை வீணாக்கிவிடும். காலை 10 மணிக்குப் பனி காய்ந்த களத்தில் விரித்து, மாலை 4 மணிக்கே குவித்துவிடுங்கள். படுதாவை நெல்லோடு ஒட்டி இறுக்கி மூடினால், நெல்லின் சூட்டில் கிளம்பிய ஆவி படுதாவின் உட்பக்கத்தில் படிந்து மறுபடி சொட்டும். குவியலின் உச்சியில் இரண்டு கம்பைக் குறுக்காக வைத்து, காற்றுப்போக இடைவெளி விட்டு மூடவேண்டும்.

மறுமுகம் உளுந்து. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். கைஅறுப்பானால் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு, ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ. மண் மெழுகுபதத்தில் இருக்கவேண்டும்: கால் வைத்தால் தடம் பதியவேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. அதன் பிறகு பாசனமே இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் இரவுப் பனியிலும் அந்தப் பயிர் முழுதாக விளைந்து முடிகிறது. எஞ்சிய ஈரத்தோடு கணக்குக்கு வராத அந்த 0.1 மில்லிமீட்டரும் சேர்ந்து இத்தனை பெரிய நிலப்பரப்பில் ஒரு பருவமே நடக்கிறது என்பது எனக்கு இந்தப் பருவத்தின் மிகப்பெரிய அதிசயமாகப் படுகிறது.

மலையில் கதை வேறு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்கள் வெள்ளையாகும்போது, மேலேயுள்ள சரிவில் ஒன்றும் இருக்காது. தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும் காலையில் புல்லில் உறைபனி இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். கருவி ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது, புல் அதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்துவிட்டது. பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடுவது இதற்காகத்தான். வானத்துக்கும் இலைக்கும் நடுவே ஒரு தழைக்கூரை இருந்தால் போதும். மாலையில் சூரியன் மறையுமுன் மூடவேண்டும், இலை குளிர்ந்த பிறகு மூடிப் பயனில்லை. பிளாஸ்டிக்கால் மூடுவதானால் இலையைத் தொடாமல் கம்பு நட்டு மூடுங்கள், தொட்ட இடமெல்லாம் கருகும். நீர் தெளிப்பவர்கள் சூரியன் படுமுன் தெளிக்கவேண்டும், உறைபனி முழுதும் கரையும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் ஆவியாகும் நீர் இலையை மேலும் குளிரவைத்து, தெளிக்காததைவிட மோசமாகிவிடும். கருகிய செடியை உடனே வெட்டாமல், புதுத்துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை பொறுங்கள். சோலை மரக்கன்றுகள் திறந்த புல்வெளியில் பிழைக்காததற்கு இந்த உறைபனியும் ஒரு காரணம். மேட்டில் புல், மடிப்பில் சோலை என்று மலை பிரிந்து கிடப்பதில் அதற்கும் பங்குண்டு.

பறவைகளில் குளிர்கால வருகையாளர் பலர் பனிக்கு முன்பே, புரட்டாசி ஐப்பசியிலேயே வந்துவிடுகிறார்கள். பனிக்காலையில் அவர்களைக் காதால் தேடுவது எளிது. வேலிப் புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல் "டக்… டக்" என்று வந்தால் நாணல் கதிர்க்குருவி. காலை, மாலை 6 மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை கேட்டால் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். அக்டோபரில் வந்திறங்கும் களைப்பில் இது வீட்டுக்குள்ளோ கண்ணாடி ஜன்னலில் மோதியோ விழுவதுண்டு. துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்தால் அந்தியில் மரமுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேடந்தாங்கல் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்து வருபவை என்ற நம்பிக்கையும் சரியில்லை. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். ஏரி நிறைந்ததால் கூடுகட்ட வருகின்றன. வடக்கிலிருந்து வருவது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் மார்கழிப் பின்பாதியில் கர்ப்போட்டம் கவனிப்பார்கள். சூரியன் பூராடத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாட்களில், அன்றன்று மேகம், மூட்டம், தூறல், காற்று எப்படி என்று பார்த்து அடுத்த வருட மழையைச் சொல்வது வழக்கம். அந்தக் கணிப்பின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வருடத்தில் 14 நாள் தவறாமல் வானத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் விலைமதிப்பில்லாதது. ஊரில் பெரியவர் யாராவது பழைய கர்ப்போட்டக் குறிப்பு வைத்திருந்தால், கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். அந்த நாட்களின் பனியும் மேகமும் வேறு எங்கும் பதிவாகியிருக்காது.

குறிப்பேட்டில் கடைசியாக ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஐப்பசியிலிருந்து குயில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தையிலோ மாசியிலோ ஒரு விடியலில் ஆண்குயில் தொண்டையைச் சரிபார்ப்பதுபோல் அரைகுறையாகக் கூவும். அந்தத் தேதியையும், பைக் சீட் முதல்முறையாகக் காய்ந்திருந்த காலையையும், பாட்டிலில் எண்ணெய் முழுதாக உருகி நின்ற நாளையும் அங்கே எழுதுங்கள்.